தோட்டத்துப் பழைய ஏடுகளை யாரிடம் ஒப்படைப்பது? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

"தாத்தா கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அவர் பெட்டியில் செக்ரோல் (தொழிலாளரின் அன்றாட வேலையும் சம்பளமும் பதியும் ஏடு), கடிதங்கள், பிரஜாவுரிமைப் பத்திரங்கள் எல்லாம் கிடக்கின்றன. லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) விட்டுப் புது வீட்டுக்குப் போகிறோம். இவற்றை என்ன செய்வது?"

இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களுக்குத் தென்னிந்தியத் தொழிலாளர் வரத் தொடங்கி 200 ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்த மலையகம் 200 நிகழ்வுகள் நடந்த 2023 முதல் இந்தக் கேள்வி வெவ்வேறு வாய்களிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கேட்கிறார்கள், தொழிற்சங்கக் கிளைத் தலைவர்கள் கேட்கிறார்கள், கோயில் பரிபாலன சபையில் இருப்பவர்கள் கேட்கிறார்கள். கொடுத்தால் கைவிட்டுப் போய்விடுமோ, கொடுக்காவிட்டால் கறையான் தின்றுவிடுமோ என்ற தவிப்பு எல்லோரிடமும் இருக்கிறது. இரண்டு பயமும் நியாயமானவை. ஆகவே எரிக்க வேண்டாம், பழைய கடதாசிக்காரருக்கு நிறுத்துக் கொடுக்கவும் வேண்டாம் என்று மட்டும் முதலில் கேட்டுக்கொண்டு, உள்ள வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

அதற்கு முன், பெட்டிக்குள் இருப்பது என்ன என்பதில் நமக்குத் தெளிவு வேண்டும். மலையகத்தில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அரசின் வேலையில் பெரும் பகுதியைத் தோட்ட ஆபிஸே செய்தது. பிறப்பையும் இறப்பையும் அறிவித்தது, மருந்து கொடுத்தது, பள்ளிக்கூடம் நடத்தியது, அரிசி பங்கிட்டது, யார் எந்த லயத்தில் இருக்கிறார்கள் என்று எழுதி வைத்தது எல்லாம் அங்கேதான். அரசின் ஆண்டறிக்கைகளில் நம்முடைய தாத்தா பாட்டிகள் எண்ணிக்கையாக இருக்கிறார்கள். பெயரோடு இருப்பது தோட்டத்து ஏடுகளில். 1972 ஆம், 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992 இல் அவற்றின் நிர்வாகம் கம்பெனிகளிடம் போனது. இப்படிக் கைமாறியபோதெல்லாம் பழைய ஏடுகளுக்கு யார் பொறுப்பு என்பது தெளிவாக இருந்ததில்லை. சில கட்டுகள் ஆபிஸிலேயே மக்கின. சில, வீசப்பட இருந்த நேரத்தில், மனசு கேட்காத ஒரு கிளார்க்கரின் வீட்டுக்குப் போயின. உங்கள் பரணில் இருப்பது அப்படி வந்ததாக இருக்கலாம். அது ஒரு குடும்பத்தின் ஞாபகார்த்தம். அதே நேரத்தில் இந்த நாட்டின் பொது ஆவணத்தில் காணாமற்போன ஒரு பகுதி.

கடதாசி இல்லாததால் பட்ட துயரம் நமக்குத் தெரியாததல்ல. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலோருக்குப் பிரஜாவுரிமையின் வாசலை மூடியது. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம், 1946 ஜனவரி 1 க்கு முன் திருமணமானவர் ஏழு ஆண்டுகளும் ஆகாதவர் பத்து ஆண்டுகளும் தொடர்ந்து இங்கே வசித்ததை நிரூபித்தால் பதிவு செய்யலாம் என்றது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. பதிவு கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு. அந்த நிரூபணத்துக்குத் தேவைப்பட்ட தோட்டத்துக் கடிதத்திலும் செக்ரோல் வரியிலும் எத்தனையோ குடும்பங்களின் தலைவிதி தங்கியிருந்தது. 1964 ஒக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தபோதும் அப்படித்தான்.

ஒரு செக்ரோல் பக்கத்தை விரித்துப் பாருங்கள். இடது பக்கம் பெயர்கள், ஒவ்வொரு கங்காணியின் (தொழிலாளரை மேற்பார்த்தவரின்) கீழும் தனித்தனியாக. மேலே 1 முதல் 31 வரை நாட்கள். ஒவ்வொரு கட்டத்திலும் முழுப் பேரா (ஒரு நாள் கூலி), அரைப் பேரா என்ற அடையாளம். வலது பக்கம் அரிசிக்குப் பிடித்தது, முற்பணத்துக்குப் பிடித்தது, கடைசியில் கையில் கொடுத்தது. ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே சில வாரங்கள் வெறுமையாகக் கிடந்தால் அது பிரசவமாக இருக்கலாம், காய்ச்சலாக இருக்கலாம். விடை அதே பெட்டியில் உள்ள கடிதக் கட்டிலோ மருந்துச்சாலைப் புத்தகத்திலோ கிடைக்கும். ஏட்டை ஓரிடத்துக்கும் கடிதத்தை வேறிடத்துக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டால் அந்த விடை போய்விடும். எந்த வழியைத் தெரிந்தெடுத்தாலும் பெட்டியைப் பிரிக்காதீர்கள், கட்டுகளின் வரிசையைக் குலைக்காதீர்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, நிலைத்திருத்தல். இன்று ஆர்வத்தோடு வாங்கிக்கொள்பவர் ஓய்வு பெற்ற பிறகும், அமைப்பின் நிதி நின்ற பிறகும் அந்த ஏடு இருக்குமா?

இரண்டாவது, பார்க்கக் கிடைத்தல். செக்ரோலில் பெயர் உள்ள தொழிலாளியின் பேத்தி, இன்று பொகவந்தலாவையிலோ பதுளையிலோ மஸ்கெலியாவிலோ இருப்பவள், அதைப் பார்க்க வேண்டுமானால் எவ்வளவு தூரம் போக வேண்டும், யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், எந்த மொழியில் கேட்க வேண்டும்? என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது இதுதான். ஆராய்ச்சியாளருக்குப் பயணச் செலவுக்கு நிதி கிடைக்கும். அவளுக்கு ஒரு நாள் பேர் போய்விடும்.

மூன்றாவது, பட்டியல். பெட்டி ஓரிடத்தில் பத்திரமாக இருந்தும், அதில் என்ன இருக்கிறது என்று யாரும் எழுதி வைக்கவில்லை என்றால் அது பரணில் இருந்ததற்குச் சமம். நான்காவது, உங்கள் பிடி: நிபந்தனை போட முடியுமா, பிரதி கேட்டால் கிடைக்குமா, மனம் மாறினால் திரும்பப் பெற முடியுமா? ஐந்தாவது செலவு. கொடுக்கும் நாளில் ஆகும் செலவைவிட, கொடுத்த பிறகு ஆண்டுதோறும் யாரோ ஒருவர் தலையில் விழும் செலவைப் பாருங்கள்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு:

| வழி | நிலைத்திருத்தல் | ஊரார் பார்க்க | உங்கள் பிடி | வெளியே தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| வீட்டில் வைத்திருத்தல் | குறைவு | கேட்டு வருபவருக்கு மட்டும் | முழுமையாக | ஈரம், பூச்சி, அடுத்த தலைமுறையின் அக்கறை |
| தேசிய சுவடிகள் கூடம் | மிக அதிகம் | கடினம் | எழுதி வாங்கினால் ஓரளவு | பயணம், மொழி, காத்திருப்பு |
| பல்கலைக்கழக நூலகம் | அதிகம் | நடுத்தரம் | பேசி முடிவு செய்யலாம் | பட்டியலிட ஆள் கிடைக்கும் வரை தாமதம் |
| சமூக அருங்காட்சியகம் | நிதியைப் பொறுத்தது | மிக எளிது | அதிகம் | பராமரிப்பு ஒரு சிலரின் தோளில் |
| ஸ்கேன் செய்து இணையத்தில் | பிரதிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது | மிக எளிது | வெளியிட்ட பின் இல்லை | உழைப்பு, சேமிப்பிடம், அந்தரங்கம் |

## வீட்டிலேயே வைத்திருப்பது

இதைப் பலர் ஒரு தெரிவாகவே நினைப்பதில்லை. முடிவெடுக்காமல் தள்ளிப்போடுவதுதான் வீட்டில் வைத்திருப்பதாக முடிகிறது. ஆனால் சில பத்திரங்களுக்கு வீடே சரியான இடம். பிரஜாவுரிமைச் சான்றிதழ், பிறப்புச் சாட்சிப் பத்திரம், ஊழியர் சேமலாப நிதிக் கடிதங்கள், வீட்டுக்கும் காணிக்குமான ஆவணங்கள் ஆகியவற்றின் மூலப் பிரதிகளை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். நாளைக்கு ஒரு கந்தோரில் அவற்றையே கேட்பார்கள்.

மற்றவற்றுக்கு வீடு ஆபத்தான இடம், அதிலும் நம் மலைகளில். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மாதக்கணக்கில் பனிமூட்டம், சுவரெல்லாம் ஓதம். கடதாசி அந்த ஈரத்தை உறிஞ்சிப் பூசணம் பிடிக்கிறது. பூசணம் வந்த இடத்துக்கு இராமபாணப் பூச்சியும் வருகிறது. லயத்து வீடுகளில் விறகடுப்புப் புகை ஏட்டின் ஓரங்களில் கரிப்படலமாகப் படிகிறது. இதெல்லாம் மெதுவாக நடக்கும் சேதம். ஒரே இரவில் நடப்பதும் உண்டு. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயங்கள் முழுசாகப் புதைந்தன. உயிர்களே போன இடத்தில் கடதாசியைப் பற்றி அன்று பேச முடியாது. ஆனால் பிழைத்தவர்கள் மறுநாளே தாங்கள் யார் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது.

வீட்டில்தான் வைப்பது என்றால், பொலித்தீன் பையில் கட்டி வைக்காதீர்கள். உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி எழுத்தைக் கரைக்கும். லேமினேட் செய்யவே கூடாது. வெப்பத்தில் ஒட்டிய பிளாஸ்டிக்கைச் சேதமில்லாமல் பிறகு பிரிப்பது மிகக் கடினம், அடைபட்ட கடதாசி உள்ளுக்குள்ளேயே பழுக்கும். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டினால் சில ஆண்டுகளில் டேப் உதிர்ந்து, அதன் பசை மஞ்சள் கறையாக எழுத்தின் மேல் நிற்கும். துருப்பிடித்த ஊசிகளையும் கிளிப்புகளையும் மெதுவாக எடுத்துவிடுங்கள். துவைத்துக் காய்ந்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, தகரப் பெட்டியில் வைத்து, பெட்டியைச் செங்கல் மேல், வெளிச்சுவரை ஒட்டாமல் வையுங்கள். வெயில் ஏறிய நாட்களில் திறந்து நிழலில் காற்றாட விடுங்கள். ஈரமான ஏட்டை நேர் வெயிலில் போட்டால் தாள் முறுகி உடையும்.

வீட்டில் வைப்பதன் உண்மையான விலை ஒரே மனிதரை நம்பியிருப்பது. அவர் இருக்கும்வரை பெட்டி இருக்கும். அவருடைய பிள்ளைகள் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்தால், வீட்டைக் காலி செய்யும் நாளில் அது என்ன ஆகும் என்று அவரே யோசித்து முடிவு செய்துவிடுவது நல்லது.

## தேசிய சுவடிகள் கூடம்

1973 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் சட்டத்தின் கீழ் இயங்கும் திணைக்களம், கொழும்பு 7 இல் இருக்கிறது. ஒல்லாந்தர் கால நிர்வாக ஏடுகள் ஏழாயிரத்துக்கும் மேல், அவர்களின் காணித் தோம்புகள் (காணிப் பதிவேடுகள்), பிரித்தானியர் காலத்துக் கடிதப் போக்குவரத்து, வர்த்தமானிகள், செய்தித்தாள்கள் அங்கே இருக்கின்றன. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏடுகள் 2003 இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன. முந்நூறு ஆண்டு வயதுள்ள ஏட்டை இன்றும் வாசகர் கையில் கொடுக்கக்கூடிய நிலையில் வைத்திருப்பது சாதாரண காரியமல்ல. நிலைத்திருத்தலில் இந்த நாட்டில் இதற்கு ஈடு வேறு எதுவும் இல்லை. சட்டம் இருக்கிறது, கட்டடம் இருக்கிறது, பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

மலையகத்தாருக்கு இதில் நினைவில் வைக்க வேண்டிய ஒரு செய்தியும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் கொழும்புக்குக் குண்டு அபாயம் வந்தபோது இந்த அரச ஏடுகள் நுவரெலியாவுக்குத்தான் கொண்டுவரப்பட்டன. போர் முடிந்த பிறகும் பல ஆண்டுகள் அரச சுவடிக்காப்பாளரின் கந்தோர் அங்கேயே இருந்தது. நாட்டின் ஆவணங்களைக் காத்துக் கொடுத்த மலைக்குத் தன் ஆவணங்களைப் பார்க்கப் பக்கத்தில் ஓர் இடம் வேண்டும் என்று கேட்க முழு உரிமை இருக்கிறது. கண்டியில் திணைக்களத்தின் கிளை ஒன்று இருக்கிறது. கொடுக்க நினைப்பவர்கள் கொழும்புக்குப் போகும் முன் அங்கே பேசிப் பாருங்கள், பெட்டியைக் கண்டியிலேயே வைத்திருக்க முடியுமா என்று கேளுங்கள்.

குறை என்னவென்று கேட்டால், தூரமும் மொழியும். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் நாலைந்து மணி நேரம். போய்ச் சேர்ந்து, அனுமதி எடுத்து, ஏட்டை வரவழைத்துப் பார்ப்பதற்குள் திரும்பும் நேரம் வந்துவிடும். தங்க வேண்டும். காலனிக் காலத்து ஏடுகளும் அவற்றின் பட்டியல்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழில் மட்டும் படித்த ஒருவர் தன் பாட்டனாரின் தோட்டத்தைத் தேடிக் கண்டுபிடிக்கத் துணை ஒன்று வேண்டும்.

இதற்கு நீங்களே செய்யக்கூடிய ஒரு பரிகாரம் இருக்கிறது. பெட்டியை ஒப்படைக்கும்போது தமிழில் ஒரு பட்டியலை நீங்களே எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு கட்டுக்கும் ஓர் இலக்கம், தோட்டத்தின் பெயர், தோட்டத்தாருக்குத் தெரிந்த தமிழ்ப் பெயர், டிவிசன் (தோட்டத்தின் உட்பிரிவு), எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, யாருடைய கையிலிருந்து வந்தது. தோட்டங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரும் ஊர் வழக்கில் ஒரு பெயருமாக இருப்பது உங்களுக்குத் தெரியும். கொழும்பில் ஏட்டைப் பதிவு செய்யும் அலுவலருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அந்தப் பெயர் பட்டியலில் ஏறாவிட்டால், தேடி வரும் பேத்தி அதைக் கண்டுபிடிக்கவே மாட்டாள்.

கையளிப்புப் பத்திரத்தில் இது நன்கொடையா அல்லது பாதுகாப்புக்காக வைப்பதா, பார்வைக்கு எப்போது திறப்பது, உங்களுக்கு ஒரு பிரதி உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். அலுவலர்கள் மாறுவார்கள்.

பிறப்பு இறப்புப் பதிவுகள், அரசாங்க அதிபருக்கும் தொழில் திணைக்களத்துக்கும் போன கடிதங்களின் நகல்கள், தொழிலாளியின் கடனைச் சீட்டில் எழுதி அடுத்த தோட்டத்துக்கு மாற்றிய, 1921 இல் ஒழிக்கப்பட்ட துண்டு முறையின் காலத்துக் கடன் ஏடுகள், தொழிற்சங்கக் கூட்டக் குறிப்புகள் ஆகியவற்றுக்கு இதுவே என் முதல் தெரிவு. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸாரால் சுடப்பட்டது போன்ற நிகழ்வுகளில் பொலிஸ் தரப்பும் துரைமார் (தோட்ட நிர்வாகிகள்) தரப்பும் சொன்னது அரச கோப்புகளில் இருக்கும். தொழிலாளர் தரப்புக் கடதாசிகளும் அதே கூரையின் கீழ் இருக்கட்டும். அப்போதுதான் பின்னால் எழுதுபவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.

## பல்கலைக்கழக நூலகம்

பேராதனை நூலகம் நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதியைச் சட்டப்படி பெறும் நூலகங்களில் ஒன்று. மலையகத்துக்கு மிக அருகில் உள்ள பெரிய நூலகமும் அதுதான். கண்டிக்கு வைத்தியத்துக்கு வருபவர், அப்படியே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். தமிழ் படிக்கும் மாணவர்களும் தமிழில் பேசும் விரிவுரையாளர்களும் இருப்பதால் பெட்டிக்குள் இருப்பது ஆய்வேடுகளாக வெளியே வரும் வாய்ப்பு இங்கே அதிகம். கைப்பிரதிகள், துண்டுப்பிரசுரங்கள், பழைய மலையகச் சஞ்சிகைகள், மலையகத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் காலத்துத் 'தேசபக்தன்' போன்ற பத்திரிகைகளின் சிதறிய இதழ்கள் உங்களிடம் இருந்தால் இதையே சொல்வேன்.

ஆனால் வெளியாருக்கு அனுமதி எப்படி என்பதைக் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். மாணவர் அட்டை இல்லாத ஒரு தோட்டத் தொழிலாளி வாசலில் நின்று காரணம் சொல்ல வேண்டியிருந்தால் அந்த இடம் அவருக்குத் திறந்திருப்பதாகச் சொல்ல முடியாது. நன்கொடைகள் பட்டியலுக்கு வராமல் நெடுங்காலம் பெட்டியிலேயே கிடப்பது எல்லாப் பெரிய நூலகங்களிலும் நடப்பது. எத்தனை மாதத்தில் பட்டியலிடுவீர்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

## தோட்டத்துக்குப் பக்கத்திலேயே

கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில், பழைய லயத்திலேயே அமைந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும் ஆவணகமும் 2007 முதல் இருக்கிறது. கண்டியில் இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவகம் அதை உருவாக்கியது. அதன் மேன்மை அது நிற்கும் இடம். தொழிலாளி வாழ்ந்த காம்பராவுக்குள்ளேயே அவருடைய கூடையையும் கவ்வாத்துக் கத்தியையும் கடதாசியையும் பார்க்கிறோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாகப் போய் வரலாம், யாரிடமும் ஆங்கிலத்தில் எழுதிக் கேட்க வேண்டியதில்லை. கண்டி ஹந்தானையில், 1925 இல் கட்டிய தொழிற்சாலையில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தையும் பாருங்கள். அங்கே இயந்திரங்களும் இலங்கைத் தேயிலைச் செய்கையின் முன்னோடி ஜேம்ஸ் டெய்லரும் தேயிலையின் கதையும் இருக்கின்றன. கொழுந்து பறித்தவரின் கதைக்கு லயத்து அருங்காட்சியகம் அவசியமாக இருந்தது.

இப்படிப்பட்ட இடங்களுக்கு நான் மனதார ஆதரவாளன். அதனாலேயே பலவீனத்தையும் சொல்ல வேண்டும். சமூக அமைப்புகள் நடத்தும் அருங்காட்சியகங்கள் நிதியையும் சில மனிதர்களின் அர்ப்பணிப்பையும் நம்பி நிற்பவை. ஏட்டைக் கண்ணாடிப் பெட்டியில் திறந்து வைத்தால் திறந்த பக்கம் வெளிச்சத்தில் வெளிறும். மலைக்காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் கருவிக்கு மின்சாரக் கட்டணம் மாதாமாதம் வரும். எனவே பொருட்களையும் படங்களையும் தாராளமாகக் கொடுங்கள். பித்தளைப் படி, கொழுந்து நிறுத்த தராசு, பிரட்டுக் கொம்பு (காலையில் ஆட்களைக் கூட்ட ஊதும் கொம்பு), தகரச் சீட்டு (தொழிலாளரின் அடையாளத் தகடு) போன்றவற்றுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஒரே பிரதியாக உள்ள ஏடுகளை மட்டும், ஸ்கேன் எடுத்து வேறோர் இடத்திலும் பிரதி வைத்த பிறகு கொடுங்கள்.

உங்கள் ஊரிலேயே, வாசிகசாலையிலோ கோயில் மடத்திலோ, ஒரு அலமாரி தொடங்க நினைப்பவர்களும் உண்டு. அந்த அலமாரிக்கு ஒரு பெயர் வைப்பதற்கு முன், சாவி யார் யாரிடம் இருக்கும், அவர்கள் விலகினால் அடுத்து யார், அமைப்பு கலைந்தால் ஏடுகள் எங்கே போகும் என்று கூட்டக் குறிப்பில் எழுதி வையுங்கள்.

## ஸ்கேன் செய்து இணையத்தில்

நூலகம் நிறுவனம் 2005 முதல் இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்களையும் பத்திரிகைகளையும் ஆவணங்களையும் இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. தன்னார்வலர்கள் தொடங்கிய அந்த வேலை இன்று ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களாக வளர்ந்திருக்கிறது. 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்த ஏட்டுச் சுவடிகளுக்கு மாற்றுப் பிரதி இருந்திருந்தால் என்ற ஏக்கம் இன்னும் தீராத ஒரு சமூகத்துக்கு இந்த வழி ஏன் பிடித்துப்போனது என்று விளக்க வேண்டியதில்லை. பேத்தியின் அளவுகோலில் இதுவே முதலிடம். கைத்தொலைபேசியில், தமிழில் தேடி, தோட்டத்திலிருந்தபடியே பார்க்கலாம். இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு நீலகிரியில் வாழும் உறவினரும் அதே பக்கத்தைப் பார்க்கலாம்.

இதில் உள்ள உழைப்பைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். ஏ4 அளவுத் தாள் ஒன்றை 300 டிபிஐயில் வண்ணத்தில், சுருக்காமல் சேமித்தால் ஏறக்குறைய 26 மெகாபைட். 400 பக்கச் செக்ரோல் ஒன்றுக்கு 10 கிகாபைட்டுக்கு மேல். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு ஊரில் என்பது இத்துறையில் உள்ளவர்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்கு. வன்தட்டுகள் சில ஆண்டுகளில் பழுதாகும், புதியதற்கு மாற்ற வேண்டும். கடதாசியைக் கவனிக்காமல் விட்டால் மெதுவாகச் சாகும். கோப்பைக் கவனிக்காமல் விட்டால் ஒரு நாளில் போய்விடும்.

பெரிய தைத்த ஏடுகளைக் கடையில் உள்ள ஸ்கேனரில் குப்புறக் கவிழ்த்து அழுத்தினால் முதுகு உடையும். மேலிருந்து படமெடுப்பதே நல்லது. ஜன்னல் பக்கம் ஒரு மேசை, கறுப்புத் துணி விரிப்பு, ஏட்டின் இரு பக்கமும் தாங்கலுக்குச் சுருட்டிய துவாய், அசையாத தாங்கியில் கமெரா அல்லது நல்ல கைத்தொலைபேசி, ஃபிளாஷ் வேண்டாம். வெற்றுப் பக்கங்களையும் அட்டையின் உட்புறத்தையும் விடாமல் எடுங்கள். கிளார்க்கர்கள் முக்கியமானதை அங்கேதான் பென்சிலால் கிறுக்கி வைத்திருப்பார்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது தோட்டம், டிவிசன், ஆண்டு, பக்கம் என்ற வரிசையை முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

ஸ்கேன் எடுத்தாயிற்று என்று மூல ஏட்டைத் தூக்கி வீசுபவர்கள் இருக்கிறார்கள். தயவு செய்து வேண்டாம். மையின் நிறம், தாளின் நீர்க்குறி, கைவிரல் ரேகை பதித்த இடத்தின் அழுத்தம் எல்லாம் படத்தில் முழுதாக வருவதில்லை. படத்தின் உண்மையை யாராவது சந்தேகித்தால் காட்டுவதற்கு மூலம் வேண்டும்.

## எல்லோருக்கும் திறக்கலாமா?

அந்த ஏடுகளில் கடன் இருக்கிறது, நோய் இருக்கிறது, சாதி இருக்கிறது. எந்தக் கங்காணியின் ஆட்கள் எந்தச் சாதி என்று சில ஏடுகளில் பச்சையாகவே எழுதியிருக்கும். திருமணம் ஆகாமல் பிறந்த பிள்ளை என்றும், கள்ளத்தோணி (அனுமதியின்றிக் குடியேறியவர்) என்று சந்தேகிக்கப்பட்டவர் என்றும் குறிப்புகள் இருக்கும். அவர்களுடைய பிள்ளைகள் இன்றும் அதே தோட்டத்தில் இருக்கிறார்கள். 1930 ஆம் ஆண்டின் செக்ரோலை இன்று திறப்பதில் பெரிய சிக்கல் இல்லை. 1980களின் மருந்துச்சாலைப் புத்தகத்தை இணையத்தில் போடுவது அநியாயம். உயிரோடு இருப்பவர்களின் உடல்நலம், கடன், குடும்ப விவகாரம் உள்ள ஏடுகளைப் பட்டியலில் மட்டும் காட்டி, உள்ளடக்கத்தைக் குறித்த ஆண்டு வரை மூடி வையுங்கள். சம்பந்தப்பட்டவரும் அவர் பிள்ளைகளும் கேட்டால் மட்டும் காட்டலாம். இந்த நிபந்தனையை ஏற்க மறுக்கும் நிறுவனத்துக்கு, அது எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அந்த ஏடுகளைக் கொடுக்க வேண்டாம்.

## எந்த நிலைமைக்கு எது

குடும்பப் பெட்டி சிறியது, பெரும்பாலும் சொந்தப் பத்திரங்கள் என்றால்: மூலம் வீட்டில், படங்கள் இரண்டு பிள்ளைகளிடம் இரண்டு இடத்தில். பழைய கடவுச்சீட்டு, இலங்கைக்கு வரும் தொழிலாளரைத் தங்கவைத்துப் பரிசோதித்த மண்டபம் முகாமின் காலத்துச் சீட்டு, அரிசிக் கூப்பன் போன்றவற்றின் படங்களை இணைய நூலகத்துக்குக் கொடுக்கலாம்.

தோட்டத்து ஏடுகள் கட்டுக்கட்டாக இருந்தால்: முதலில் பட்டியல், பிறகு படம், பிறகு மூலத்தைச் சுவடிகள் கூடத்தின் கண்டிக் கிளையிலோ பேராதனையிலோ கையளியுங்கள். படங்களின் ஒரு பிரதி அந்தத் தோட்டத்துப் பாடசாலைக்குப் போகட்டும். இரண்டில் எது என்றால், அரசுக் கடிதங்கள் அதிகமிருந்தால் கண்டிக் கிளை, அச்சு வெளியீடுகளும் சொந்தக் கையெழுத்துகளும் அதிகமிருந்தால் பேராதனை.

தொழிற்சங்கக் கிளையின் கடதாசிகள் என்றால் தலைமைக் காரியாலயத்தின் எழுத்து மூல அனுமதி முதலில் வேண்டும். சந்தாப் பற்றுச்சீட்டுகள் பல பெட்டி இருந்தால் எல்லாவற்றையும் காக்க முடியாது. ஆண்டுக்கு ஒரு மாதத்தை வைத்துக்கொண்டு, கூட்டக் குறிப்புகள், மனுக்கள், வேலைநிறுத்தக் கடிதங்களை முழுசாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏடுகள் இன்னும் தோட்ட ஆபிஸிலேயே இருந்து, அந்தத் தோட்டம் அரச நிறுவனம் ஒன்றின் கீழ் இருந்தால், காத்திருக்க நேரமில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், அது நடைமுறைக்கு வந்தபோது ஏற்கெனவே இருந்த பதிவேடுகளைப் பத்து ஆண்டுகளாவது பாதுகாக்க வேண்டும் என்று பகிரங்க அதிகாரசபைகளைக் கட்டாயப்படுத்துகிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 பெப்ரவரி 3. அந்தப் பத்து ஆண்டு 2027 பெப்ரவரியில் முடிகிறது. அதன் பிறகும் சுவடிகள் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது என்றாலும், என்னென்ன பதிவேடுகள் எந்த ஆண்டு முதல் உங்களிடம் இருக்கின்றன என்று தகவல் அதிகாரிக்கு இப்போதே தமிழில் எழுதிக் கேளுங்கள். விண்ணப்பத்தில் தோட்டத்தின் இரு பெயர்களையும் குறிப்பிடுங்கள், செக்ரோல், பிறப்பு இறப்புப் பதிவு, மருந்துச்சாலைப் புத்தகம், லயப் பதிவு என்று ஏடுகளைத் தனித்தனியாகச் சொல்லிக் கேளுங்கள், கிடைத்ததற்கான எழுத்து மூல ஒப்புகையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வந்ததும் அந்தப் பட்டியலின் ஒரு பிரதியைக் கண்டிக் கிளைக்கு அனுப்பிவையுங்கள்.